ரசீது இல்லாத அருங்காட்சியகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறிய கிராம அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றின் பதிவு இது. ஊர், ஆட்கள், குடும்பங்கள் எதன் அடையாளமும் வெளியே தெரியக்கூடாது என்று நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இல்லை. நான் இடையில் பயிற்சியாளராகச் சேர்ந்தவன். அதற்கு முன்பு நடந்தவற்றைக் கூட்டக் குறிப்புகளைப் படித்தும் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

மூடப்பட்ட பள்ளிக் கட்டடம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொடங்கிய அருங்காட்சியகம் அது. இரண்டு பெரிய அறைகள், ஒரு தாழ்வாரம், பின்னால் ஒரு சரக்கறை. உழவுக் கருவிகள், தச்சர் கொல்லர் சாமான்கள், ஒரு முழுத் தறி, அளவைகள், மரப்பெட்டிகள், குடும்பப் புகைப்படங்கள், கணக்குப் புத்தகங்கள், கடிதக் கட்டுகள் எல்லாம் இருந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவை. யாரோ பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், அவர் அங்கே போய் நிற்பார். அவர் இல்லையென்றால் இதில் பாதிக்கு மேல் விறகாகவும் பழைய இரும்பாகவும் போயிருக்கும். கீழே சொல்லப்போகும் குறைகளைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் கணக்கு எழுதுவார், ஒருவர் சாவி வைத்திருப்பார், மற்றவர்கள் கூட்டத்துக்கு வருவார்கள். பதிவேடு என்று ஒரு நீள நோட்டு இருந்தது. முதல் இருநூறு பொருள்கள் வரை அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தது, அதன் பிறகு வெற்றுத் தாள்கள்தான். மீதி எல்லாம் ஆசிரியரின் நினைவில் இருந்தது. "எது யார் வீட்டுதுன்னு எனக்குத் தெரியும்" என்பார். உண்மையாகவே அவருக்குத் தெரியும். உடல்நலம் குன்றி அவர் வீட்டோடு இருக்க நேர்ந்தபோதுதான் அது ஒரு சிக்கலாக மாறியது.

சிக்கல் வெளிவந்த விதம்

கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவின் கருவிப்பெட்டியைக் கேட்டு வந்தது. "பத்திரமா இருக்கட்டும்னு கொடுத்தோம், இப்ப பேரன் கேக்கிறான்" என்பது அவர்கள் சொன்னது. அருங்காட்சியகத்தில் அப்படி மூன்று பெட்டிகள் இருந்தன. மூன்றிலும் சுத்தியல், குறடு, உளி இருந்தன. எதிலும் சீட்டு இல்லை. எது அவர்களுடையது, கொடுத்தது நன்கொடையா இரவலா என்று குழுவில் யாராலும் சொல்ல முடியவில்லை. அவர்கள் அரைமனதாக ஒன்றை எடுத்துப் போய், சில நாள் கழித்து இது எங்களுடையது இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

செய்தி பரவியது. அடுத்த சில மாதங்களில் இன்னும் சில குடும்பங்கள் வந்தன. திரும்பக் கேட்கத்தான் எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. தங்கள் பொருள் இன்னும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் காட்ட முடியவில்லை.

ஏறக்குறைய அதே நேரத்தில், காட்சிப்பேழைகளும் விளக்குகளும் வாங்க நிதி கேட்டுப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. சேகரிப்பின் பட்டியலையும் பொருள்கள் அருங்காட்சியகத்துக்கு உரியவை என்பதற்கான சான்றையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் இல்லை. பேழைகள் தேவையா என்ற கேள்விக்கே விஷயம் போகவில்லை.

குழுவில் கருத்து மூன்றாகப் பிரிந்தது. ஊரைக் கூட்டி ஒரு நாள் விழா எடுத்தால் ஆதரவு வரும் என்றார் ஒருவர். எல்லாவற்றையும் பெரிய அருங்காட்சியகம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். கணக்கு எழுதுபவர் மட்டும், "கடையில சரக்கு என்ன இருக்குன்னே தெரியாம யாராவது விளம்பரம் போடுவாங்களா?" என்று கேட்டார். அவரை உடனே யாரும் ஏற்கவில்லை. விழா நடந்தது. கூட்டம் வந்தது, புகைப்படம் எடுத்தது, போனது. அடுத்த வாரம் கதவைத் திறந்தபோது வழக்கம்போல யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டார்கள்.

கட்டடத்துக்குள் பார்த்தது

அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் முறைகளை ஆராயும் கனடா பாதுகாப்பு நிறுவனம் வகுத்த சிதைவுக் காரணிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்தோம். மோதல், அதிர்வு போன்ற விசைகள், திருட்டு, தீ, நீர், பூச்சி, மாசு, ஒளி, பொருந்தாத வெப்பம், பொருந்தாத ஈரப்பதம் என்று ஒன்பது. பத்தாவது பின்னால் சேர்க்கப்பட்டது: பொருளுக்கும் அதைப் பற்றிய தகவலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவது. மற்ற ஒன்பதும் பொருளைத் தின்னும், இது பொருளின் அர்த்தத்தைத் தின்னும்.

முதல் ஒன்பதுக்கும் குறைவில்லை. புகைப்பட அலமாரிக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. சார்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். மழை நாட்களில் அந்த மூலையில் ஈரப்பதமானி 75க்கு மேல் காட்டியது. துணிகளுக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் அளவு ஒளிதான் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது. ஜன்னலுக்கு எதிரே தொங்கிய நெசவுத் துணிமேல் நண்பகலில் அதைப்போலப் பல மடங்கு விழுந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் வேறு நிறம். ஒளியால் போன நிறம் திரும்பி வராது, விளக்கை அணைத்துவைத்தால் மேற்கொண்டு போகாமல் இருக்கும், அவ்வளவுதான். மரக்கால்களுக்கு அடியில் மாவு போன்ற தூளும் வெளிறிய புதுத் துளைகளும் இருந்தன. வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். புகைப்படங்கள் ஒட்டும் பக்கம் கொண்ட பிவிசி ஆல்பங்களில் இருந்தன. அந்த நெகிழி காலப்போக்கில் வெளிவிடும் ஆவி படங்களைக் கெடுக்கும்.

இரும்புக் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கொரு முறை எல்லோரும் கூடி அவற்றுக்கு எண்ணெய் பூசியிருக்கிறார்கள், அக்கறையோடுதான். ஆனால் உலரும் தாவர எண்ணெய் காலப்போக்கில் பிசினாகி, தூசியைப் பிடித்துவைத்துக்கொண்டு, கழுவவும் வராத ஒரு தோலாக மாறிவிடுகிறது. கெட்ட பழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆண்டுதோறும் கூடி வேலை செய்யும் ஒரு குழு அங்கே ஏற்கெனவே இருந்தது என்பதற்கு அந்தப் பிசின்தான் சான்று.

இவற்றையெல்லாம் விடப் பத்தாவது காரணிதான் அங்கே பெரியது. ஒரு மேசையில் வைக்கப்பட்டிருந்தவற்றில் முக்கால்வாசிப் பொருள்களுக்கு எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லை. இது இந்த ஒரு இடத்தின் குறையும் இல்லை. உலக அருங்காட்சியகங்களின் கிடங்குகளில் உள்ள சேகரிப்புகளில் 60 சதவீதம் ஆபத்தில் இருப்பதாக 2011இல் பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோமும் யுனெஸ்கோவும் நடத்திய கணக்கெடுப்பு சொன்னது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் இடங்களும் அதில் அடக்கம்.

கட்டடத்துக்கு வெளியே கேட்டது

பொருள் கொடுத்த குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசினோம். ஏன் வருவதில்லை என்று நேரடியாகக் கேட்டால் 'நேரமில்லை' என்பதுதான் பதில். என்ன கொடுத்தீர்கள் என்று ஆரம்பித்தால் பேச்சு நீண்டது. மூதாட்டி ஒருவர் தன் மாமியாரின் பெட்டியைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டுச் சொன்னார்: "கொடுத்தோம் தம்பி. அப்புறம் அது எங்கே போச்சுன்னே தெரியல. வந்து கேட்டா, கொடுத்ததைத் திரும்பக் கேக்கிறதா நினைப்பாங்களேன்னு வரல."

கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைப் பல வீடுகளில் கேட்டோம். ஊருக்கு அக்கறை இல்லை என்று குழு நினைத்துக்கொண்டிருந்தது. ஊரோ, கொடுத்ததைப் பற்றிக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்து ஒதுங்கியிருந்தது.

திறமைகளும் அங்கேயே இருந்தன. தையல் தெரிந்த பெண்கள், தச்சர், மின்வேலை செய்பவர், கைபேசியில் நன்றாகப் படம் எடுக்கும் இளைஞர்கள், வாழ்நாள் முழுக்கப் பதிவேடு எழுதி ஓய்வுபெற்ற இருவர். 'தன்னார்வலர் தேவை' என்று ஒட்டிய அறிவிப்புக்கு ஒருவரும் வரவில்லை. என்ன வேலை, எவ்வளவு நேரம், எதற்கு என்று அதில் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: சேகரிப்பில் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை புதுப் பொருள் வாங்குவதில்லை. ஆசிரியர் இதைக் கடுமையாக எதிர்த்தார். "இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது" என்றார், அதில் நியாயம் இருந்தது. அழிந்துபோகும் ஆபத்தில் உள்ளதை மட்டும், இருவர் கையெழுத்தோடு, எழுதித் தந்து வாங்கலாம் என்று ஒரு விலக்கு வைத்தோம்.

இரண்டாவது, முழு விவரப் பட்டியலுக்கு ஆசைப்படாமல் இருப்புக் கணக்கு மட்டும் எடுப்பது. ஒரு பொருளுக்கு ஒரு எண், ஒரு படம், எளிய பெயர், இருக்கும் இடம், நிலை. அவ்வளவுதான். ஆவணப்படுத்தலுக்கான ஸ்பெக்ட்ரம் என்ற தரநிலையின் 5.0 பதிப்பில் 21 நடைமுறைகள் உள்ளன, அவற்றில் 9 முதன்மையானவை. ஒன்பதையும் ஒரே நேரத்தில் பிடித்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. பொருள் உள்ளே வருவது, இடம் மாறுவது, வெளியே போவது, இருப்புக் கணக்கு ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். எதையெல்லாம் எழுத வேண்டும் என்பதற்கு 1997இல் வெளியான ஆப்ஜெக்ட் ஐடி என்ற தரம் கைகொடுத்தது. திருட்டுப்போன பொருளை அடையாளம் காண்பதற்காக உருவான தரம் அது. வகை, செய்பொருள், அளவு, எழுத்துக் குறிகள், தனி அடையாளங்கள் என்று அது கேட்பவை எளிமையானவை. எண் போடும் முறையும் எளிமையானதே: ஆண்டு, புள்ளி, வரிசை எண். எப்போது வந்தது என்று தெரியாதவற்றுக்குக் கணக்கெடுத்த ஆண்டையே போட்டு, முன்னால் ஒரு குறி சேர்த்தோம்.

மூன்றாவது முடிவில்தான் கூட்டம் சூடானது. ஏற்கெனவே பொருள் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கத் தாள் கொடுப்பது. அதில் பொருளின் படம், எண், இருக்கும் இடம். கீழே மூன்று தேர்வு: நன்கொடையாகவே இருக்கட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு இரவலாக இருக்கட்டும், திரும்ப எடுத்துக்கொள்கிறோம். மூன்றாவது தேர்வைத் தாளில் அச்சடிப்பதே தற்கொலை என்றார் குழுவில் ஒருவர். பாதிச் சேகரிப்பு போய்விடும் என்பது அவர் பயம். எதிர்வாதம் இதுதான்: உரிமை தெளிவில்லாத பொருளைப் பாதுகாக்கச் செலவழிப்பதும் காட்சிக்கு வைப்பதும், ஒரு நாள் வரப்போகும் சண்டைக்கு நாமே வட்டி கட்டுவது. போக வேண்டியது இப்போதே போகட்டும். வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் இது நிறைவேறியது.

நான்காவது, பயிற்சி. வழக்கமாக ஒருவரை வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அவர் சான்றிதழோடு வருவார், அப்புறம் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போவார், அறிவும் கூடவே போகும். அதற்குப் பதிலாக வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரைப் பழக்கினோம். எண் எழுதுவது இருவருக்கு, படம் எடுப்பது இருவருக்கு, ஈரப்பதம் குறிப்பது இருவருக்கு, பூச்சி பார்ப்பது இருவருக்கு. எவருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாவது ஒரு சின்ன ஏற்பாடு. வாரத்தில் ஒரு மாலை, அடையாளம் தெரியாத பத்துப் பொருள்களைத் தாழ்வாரத்தில் மேசைமேல் வைப்பது. தெரிந்தவர் வந்து சொல்லலாம். பக்கத்தில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்.

முதல் ஆண்டு

எண் எழுதும் வேலை, பார்ப்பதற்குத்தான் சின்னது. உலோகத்திலும் மரத்திலும் நேரடியாக எழுதக்கூடாது. பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லப் பூசி, உலர்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே எடுத்துவிடலாம். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைக்க வேண்டும். காகிதத்துக்கு மென்மையான பென்சில். எதிலும் ஒட்டும் டேப் கூடாது. இதை விளக்கி, 'நாடா தைக்க இரண்டு மணி நேரம்' என்று மட்டும் கேட்டபோது தையல் தெரிந்த பெண்கள் நால்வர் வந்தார்கள். தன்னார்வலர் என்ற பெயரில் அவர்கள் ஒருபோதும் வந்திருக்க மாட்டார்கள். வந்தவர்கள் துணியைத் தொட்டதுமே நூலின் முறுக்கு, சாயம், ஒட்டுப்போட்ட தையல் என்று பேசத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்தவர் அதையும் எழுதிக்கொண்டார். நாடா தைக்க வந்த வேலை துணிகளின் விவரப் பட்டியலாகவே ஆகிவிட்டது.

பூச்சி அரித்த கம்பளித் துணிகளுக்கு நாஃப்தலின் உருண்டை போடும் பழக்கத்தை நிறுத்தினோம். பதிலாக உறைகுளிர் முறை: பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, சாதாரண உறைவிப்பான் தரும் மைனஸ் 18 முதல் 20 டிகிரிக் குளிரில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் பொருள் அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது ஒரு நாள், பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் துணிமேல் படியும். ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் இந்த முறை ஆகாது. உறைவிப்பானைத் தந்தவர் ஊரில் கடை வைத்திருந்தவர். பழையது ஒன்று சும்மா கிடக்கிறது என்று தானே கொண்டுவந்து இறக்கினார்.

மேசை மாலைகள் மெதுவாகச் சூடுபிடித்தன. ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் ஆண்கள். ஒரு மரக்கட்டையைச் செதுக்கும் கருவி என்று இரண்டு பேர் உறுதியாகச் சொன்னார்கள். மாத முடிவில் ஒரு பாட்டி கடந்து போகும்போது பார்த்துவிட்டு, அது தறியின் பாகம் என்று சொல்லி, உள்ளே போய்த் தறியில் பொருத்தியே காட்டினார். ஒரே பொருளுக்கு இரண்டு கதைகள் வந்தால் இரண்டையும், சொன்னவர், சொன்ன தேதியோடு எழுதுவது என்று விதி வைத்தோம். எது சரி என்று தீர்ப்பது நோட்டில் எழுதுபவரின் வேலை இல்லை.

ஆசிரியரிடம் இரண்டு பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தார்கள். படத்தைக் காட்டினால் அவர் கதை சொல்வார். பொருள்களைப் பற்றிய அவர் நினைவு அசாத்தியம். குடும்பங்களைத்தான் சில இடங்களில் மாற்றிச் சொன்னார், அதை மற்ற சான்றுகளோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். பதிவுகளை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், சுருக்காத கோப்புகளாக எடுத்து மூன்று பிரதி வைத்தோம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். சேர்க்கையை நிறுத்தியதில் அவருக்கு இருந்த வருத்தம் இந்த அமர்வுகளில் ஓரளவு தணிந்தது. முழுக்கத் தணிந்தது என்று சொல்ல மாட்டேன்.

நடக்காதவையும் உண்டு. கல்லூரி மாணவர்கள் உற்சாகமாகத் தொடங்கித் தேர்வு வந்ததும் காணாமல் போனார்கள். பட்டியலை ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் வைத்திருந்ததால், அது பழுதானபோது சில வாரங்களின் வேலை நின்றது. ஒரே கருவியை மூன்று பேர் மூன்று பெயரில் எழுதியிருந்ததால் தேடினால் கிடைக்காத நிலையும் வந்தது. பிறகு ஒரு பெயர்ப் பட்டியலை ஒட்டி, ஊர் வழக்கில் உள்ள பெயர்களைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதச் சொன்னோம்.

கணக்குப் புத்தகம்

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த இந்த விவகாரம் குழுவை மற்ற எதையும் விட அதிகமாகச் சோதித்தது. பழைய வட்டிக்கடைக் கணக்குப் புத்தகம் ஒன்றை முதன்முறையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது, கடன் வாங்கியவர்களின் பெயரும் அடகு வைத்த பொருளும் முழுமையாக இருந்தன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். படம் எடுத்த இளைஞர் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரையே அதில் பார்த்தார். அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை.

காட்சிக்கு வைத்தால் கூட்டம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரின் பொருளாதார வரலாற்றுக்கு அதைவிட நல்ல சான்று அங்கே வேறு இல்லை. ஆனாலும் அட்டையையும் பெயர் இல்லாத ஒரு பக்கத்தையும் மட்டும் வைப்பது, உள்ளே பார்க்க விரும்புபவர் எழுதிக் கேட்பது, தங்கள் குடும்பத்தின் பதிவை மட்டும் பார்க்க வருபவருக்குத் தனியாகக் காட்டுவது என்று முடிவானது. காரணம் எளிது. பெட்டிகளையும் படங்களையும் நம்பிக் கொடுத்த அதே குடும்பங்கள்தான் இவை. 2022 ஆகஸ்டில் பிராகாவில் பன்னாட்டு அருங்காட்சியகக் கழகமான ஐகாம் ஏற்ற புதிய வரையறை, அருங்காட்சியகங்கள் அறநெறிப்படியும் சமூகங்களின் பங்கேற்போடும் இயங்குவதாகச் சொல்கிறது. கூட்டத்தில் யாரும் அதை மேற்கோள் காட்டவில்லை. ஒருவர், "நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்கணும்ல" என்றார், முடிவு எடுக்க அதுவே போதுமாக இருந்தது.

விளைவு

தாள்கள் கொடுக்கத் தொடங்கியதும் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. எடுத்துப் போனவர்களில் இருவர் தாங்களாகவே படமும் விவரமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரும்பாலோர் நன்கொடை என்பதில் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் தாளை வீட்டில் சட்டம் போட்டு மாட்டினார்கள், இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கொல்லர் குடும்பத்தின் பெட்டி ஆசிரியரின் ஒலிப்பதிவு மூலம் அடையாளம் தெரிந்தது. அவர்கள் அதை ஐந்தாண்டு இரவலாகத் திரும்பவும் அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள்.

ஒரு பொருளின் வழக்கு மட்டும் தீரவில்லை. சகோதரர் இருவர், இருவருமே தமதென்கிறார்கள். 'உரிமை தீர்மானிக்கப்படவில்லை' என்று பதிவேட்டில் எழுதி, காட்சிக்கு வைக்காமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் அந்தப் பதிவின் நகல் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஒழுகிய கூரையை ஊர்க் கொத்தனார் ஒருவர் சரிசெய்தார். அவரை யாரும் கேட்கவில்லை. தாளோடு தன் அம்மாவின் பெட்டியைப் பார்க்க வந்தவர், அலமாரிமேல் ஈரத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் ஏணியோடு வந்தார். விழா எடுத்தபோது கிடைக்காத ஆதரவு இப்படித்தான், ஒவ்வொருவரும் தன் பொருளைத் தேடி வந்தபோது கிடைத்தது. ஜன்னலுக்குத் திரை, புகைப்படங்களுக்கு அமிலமற்ற உறைகள், சரக்கறைக்கு அலமாரிகள் எல்லாம் இரண்டாம் முறை போட்ட விண்ணப்பத்தின் நிதியில் வந்தன. இந்த முறை பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. புதிய காட்சிப்பேழைகள் இன்னும் இல்லை.

சரக்கறையை ஒழுங்குபடுத்த இக்ரோமின் ரீ-ஆர்க் முறையைப் பின்பற்றினார்கள். பத்தாயிரம் பொருள்கள் வரை வைத்திருக்கும், வசதி குறைந்த இடங்களுக்காக உருவான முறை அது. எந்தப் பொருளும் தரையில் இருக்கக்கூடாது, எந்தப் பொருளையும் எடுக்க இரண்டு பொருள்களுக்கு மேல் நகர்த்த வேண்டியிருக்கக்கூடாது என்பவை அதன் அளவுகோல்களில் சில. தறி மட்டும் தரையிலேயே, பலகைமேல் நிற்கிறது.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

குழுவின் மறுஆய்வுக் கூட்டத்தில் வந்தவை இவை. பெண்களிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும். வீட்டுக்குள் புழங்கிய பொருள்களைப் பற்றிக் கேட்க ஆண்களை வரவழைத்து ஓராண்டின் பாதியை வீணாக்கினார்கள். பட்டியலின் அச்சுப் பிரதியை மாதம் ஒருமுறை எடுத்துத் தைத்து வைப்பது தொடக்கத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும், இப்போது செய்கிறார்கள். திரும்பப் போகும் பொருளைப் படம் எடுக்காமல் அனுப்பக்கூடாது. முதலில் போன ஒன்று அப்படிப் போய்விட்டது. மாணவர்களுக்கு நீண்ட பொறுப்பு தராமல் விடுமுறைக்குள் முடியும் வேலைகளை மட்டும் தர வேண்டும்.

என் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பேன். ஒவ்வொரு வேலைக்கும் இருவர் என்ற ஏற்பாடு வேலைகளுக்குப் பொருந்தியது, பொறுப்புக்குப் பொருந்தவில்லை. சாவி இப்போது மூவரிடம் இருக்கிறது. ஆனால் நிதி விண்ணப்பம் எழுதுவதும் வெளி அமைப்புகளோடு பேசுவதும் இன்னும் கணக்கு எழுதுபவர் ஒருவரிடமே இருக்கின்றன. அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியைக் கூட்டத்தில் எழுப்பினேன். அடுத்த விண்ணப்பத்தை எழுதும்போது நாடா தைக்க வந்த பெண்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று தீர்மானம் எழுதப்பட்டது. ஆசிரியரின் ஒலிப்பதிவுகளில் மூன்றில் ஒரு பங்குதான் எழுத்தாக்கப்பட்டிருக்கிறது. மீதிக்கு இன்னும் ஆள் தேடுகிறார்கள்.